கழுவினால் போகுமா காஃபீன்?

மலேசியாவில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆண்டு முழுக்க வெயில், இடையிடையே மழை, அவ்வளவுதான். மதியம் இரண்டு மணிக்கு ஈப்போவிலோ கிள்ளானிலோ ஓர் ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்து பாருங்கள். மேசைக்கு மேசை 'தே ஓ ஐஸ் லிமாவ்' நிற்கும். பால் சேர்க்காத கடுந்தேநீர், தாராளமாகச் சர்க்கரை, கிளாஸ் முட்ட ஐஸ், பிழிந்த எலுமிச்சை. வெயிலில் அலைந்து வந்தவருக்கு அது தொண்டையில் இறங்கும் சுகமே தனி. ஆனால் நான்கு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று என்று குடித்துவிட்டு, நடு இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களும் நம்மில் உண்டு. கர்ப்பிணிக்கு எவ்வளவு கொடுக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சும் வீட்டுக்கு வீடு எழுகிறது. குளிர்ச்சி வேண்டும், நிறம் வேண்டும், துவர்ப்பும் கொஞ்சம் வேண்டும். காஃபீன் மட்டும் வேண்டாம். இதை வீட்டிலேயே செய்ய முடியுமா?

விடை தேடுவதற்கு ஏற்ற இடம் பஹாங் மாநிலத்தின் கேமரன் மலை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்த மேட்டு நிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. ஜே. ஏ. ரஸல் 1929இல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் தோட்டம் ஹாபுவில். 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டியது, சரிவில் செடி வைத்தது, கொழுந்து பறித்தது, தொழிற்சாலையில் இலை வாட்டியது என்று அந்த ஆரம்ப கால உழைப்பில் பெரும்பங்கு தமிழர்களுடையது. லயன் வீடுகளும் முருகன் கோவிலும் தமிழ்ப்பள்ளியும் அவர்களோடு மலையேறின. இன்று சரிவுகளில் கத்தரிக்கோலும் இருவர் பிடிக்கும் வெட்டு இயந்திரமுமாக நிற்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் கீழே நகரங்களில் இறங்கி, அதே இலையை ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள்.

மலையில் ஐஸுக்கு வேலை குறைவு. அங்குள்ள தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 18 டிகிரியை ஒட்டியது. அங்கே கேத்தலில் கொதிக்கும் தண்ணீர்கூட 100 டிகிரியைத் தொடாது. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும் என்பது கணக்கு. தானா ராத்தாவில் 95 டிகிரியிலேயே நீர் தளபுளவென்று கொதித்துவிடும். இந்த 95 டிகிரிக்குப் பின்னால் ஓரிடத்தில் ஒரு வேலை வரப்போகிறது.

தேயிலைச் செடி காஃபீனை நமக்காகத் தயாரிக்கவில்லை. இலையைக் கடிக்க வரும் பூச்சிகளுக்கு அது நஞ்சு. அதனால்தான் இளசாக, மென்மையாக, பூச்சிக்குப் பிடித்தமாக இருக்கும் மொட்டிலும் முதல் இலையிலும் அது அதிகம். முற்றிய இலையிலும் தண்டிலும் குறைவு. நாம் தேநீருக்குப் பறிப்பதோ 'இரண்டு இலை ஒரு மொட்டு'. செடி தன் ஆயுதத்தைக் குவித்து வைத்திருக்கும் இடத்தையே தேடிப்போய்க் கிள்ளுகிறோம். உலர்ந்த தேயிலையின் எடையில் சுமார் 2 முதல் 4 விழுக்காடு காஃபீன். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்லீப் ருங்கே 1819இல் இதைக் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்; காப்பிக் கொட்டையை அவர் கையில் கொடுத்து ஆராயச் சொன்னவர் கவிஞர் கெத்தே. 1827இல் தேயிலையிலிருந்து பிரித்த பொருளுக்குத் 'தெயின்' என்று தனிப்பெயர் வைத்தார்கள். 1838இல்தான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. தேநீரில் இருப்பது வேறு, காப்பியில் இருப்பது வேறு என்று இன்றும் சிலர் அடித்துச் சொல்வார்கள். அந்த வழக்கு தீர்ந்து இருநூறு ஆண்டுகள் ஆகப்போகிறது.

உடம்பில் அது செய்வது என்ன? நாள் முழுக்க மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது நரம்புச் செல்லின் ஏற்பியில் போய் உட்கார்ந்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். காஃபீன் உருவத்தில் அடினோசினை ஒத்தது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த ஏற்பியில் முன்பே இடம் பிடித்துவிடுகிறது. அடினோசின் நின்றுகொண்டே இருக்கும், நமக்குக் களைப்பு தெரியாது. குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை நான்கு மணிக்கு இரண்டு கிளாஸ் குடித்து 80 மில்லிகிராம் உள்ளே போனால், ஒன்பது மணிக்கு 40, பின்னிரவு இரண்டு மணிக்கு 20 மில்லிகிராம் மிச்சம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த ஐந்து மணி மூன்று மடங்குவரைகூட நீளும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன வரம்பு, நலமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200. ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 50 மில்லிகிராம்வரை இருக்கும் என்பதால் காலையில் ஒரு கோப்பைக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. சிக்கல் மதியத்துக்கு மேல் தொடங்கும் இரண்டாவது, மூன்றாவது கிளாஸில்தான்.

இனி, வீடுகளில் சொல்லப்படும் கைவைத்தியங்களுக்கு வருவோம். அதிகம் கேட்பது இது: தேயிலையில் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, அரை நிமிடம் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு, காஃபீனில் முக்கால்வாசி அதோடு போய்விடும், பிறகு புதுத் தண்ணீர் ஊற்றிக் குடி. கேட்க நன்றாக இருக்கிறது. அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. 1996இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஒரே இலையை ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று முறை வடித்தார்கள். முதல் வடிப்பில் 69 விழுக்காடு, இரண்டாவதில் 23, மூன்றாவதில் 8 விழுக்காடு காஃபீன் இறங்கியது. முழுசாக ஐந்து நிமிடம் ஊறியும் மூன்றில் ஒரு பங்கு இலையிலேயே நிற்கிறது என்றால், அரை நிமிடக் குளியலில் என்ன பெரிதாகப் போய்விடும்? ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கொட்டலாமே என்றால், அதற்குள் மணமும் சுவையும் நிறமும் சாக்கடையில் போயிருக்கும். மிஞ்சும் தண்ணீரைத் தேநீர் என்று யாருக்காவது கொடுத்தால் சண்டைதான் வரும்.

அடுத்தது பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பது. குளிர்ந்த நீரில் காஃபீன் கரையாது என்று நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 டிகிரி நீர் ஒரு லிட்டரில் சுமார் 20 கிராம் காஃபீன் கரையும். ஒரு லிட்டர் தேநீருக்கு நாம் போடும் எட்டு கிராம் இலையில் இருக்கும் மொத்தக் காஃபீனே கால் கிராம்தான். அதாவது, கரைவதற்கு இடம் எண்பது மடங்கு கிடக்கிறது. குளிர்நீர் செய்வதெல்லாம் வேகத்தைக் குறைப்பது மட்டுமே. இரண்டு மணி நேரத்தில் வடித்தால் சூடான தேநீரைவிடக் காஃபீன் குறைவாக இருக்கும். இரவு முழுக்க ஊறவிட்டால் நன்றாகவே இறங்கிவிடும். ஆனாலும் இந்த முறையை நான் தள்ளிவிட மாட்டேன். கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் குளிர்நீரில் குறைவாகவே இறங்குவதால் பானம் மென்மையாக, இயல்பான இனிப்போடு இருக்கும். சர்க்கரை குறைவாகவே கேட்கும். சுவைக்காகச் செய்யுங்கள், தூக்கத்துக்காகச் செய்யாதீர்கள்.

'கறுப்புத் தேயிலையை விட்டுவிட்டுப் பச்சைத் தேயிலை குடிக்கிறேன், அதில் காஃபீன் கிடையாதாமே' என்பவர்களுக்கு ஒரே வரிப் பதில்: செடி ஒன்றுதான். வாட்டி, சுருட்டி, காற்றில் பழுக்கவிட்டால் கறுப்பு. பறித்தவுடன் சூடு காட்டிப் பழுக்காமல் நிறுத்தினால் பச்சை. மொட்டை மட்டும் எடுத்து விலை வைத்து விற்கும் வெள்ளைத் தேயிலையில் காஃபீன் இன்னும் அதிகமாகவே இருக்க வாய்ப்புண்டு.

தொழிற்சாலைகள் எப்படி எடுக்கின்றன? ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக் காப்பி வணிகர் லூட்விக் ரோசேலியுஸ், தன் தந்தை இறந்ததற்கு அளவு மீறிய காப்பியே காரணம் என்று நம்பியவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கண்ட வழி, கொட்டையை நீராவியில் ஊதவைத்துப் பென்சீன் கொண்டு காஃபீனைப் பிரிப்பது. பென்சீன் புற்றுநோய் தரும் என்பது பின்னால் தெரிந்த கதை. இன்று நல்ல முறை என்று பெயர் எடுத்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. 31 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப்போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தமும் கொடுத்தால் அது வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நிலைக்கு வரும். இலைக்குள் வாயுவைப்போல் புகும். காஃபீனைத் திரவத்தைப்போல் கரைத்துக்கொண்டு வெளியேறும். சுவைப் பொருள்களைப் பெரும்பாலும் தொடாது. ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த குர்ட் ஸோசெல் 1960களில் இதைக் கண்டுபிடித்தார். குக்கரில் வரும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குதான். ஆகவே சமையலறையில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கடையில் 'காஃபீன் நீக்கியது' என்று அச்சிட்ட பை வாங்கினாலும் ஒரு கோப்பைக்கு 2 முதல் 5 மில்லிகிராம்வரை மிச்சமிருக்கும். நடைமுறையில் அது பொருட்டல்ல. கர்ப்பிணியோ, தூக்கம் கெட்டவரோ, தேயிலையின் சுவைதான் வேண்டும் என்றால் இந்தப் பையைத் தாராளமாக வாங்கலாம்.

ஆனால் கேமரன் மலைக்காரருக்கு மட்டும், வேறு ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு கதவு திறந்திருக்கிறது. உலர்ந்த தேயிலையைக் கழுவினால்தான் பயனில்லை. பச்சை இலையைக் கழுவினால்? 2007இல் சீன ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். அப்போது பறித்த இலை ஒரு பங்குக்கு 20 பங்கு நீர். நீரின் சூடு 100 டிகிரி. நேரம் மூன்று நிமிடம். கிராமுக்கு 23.7 மில்லிகிராமாக இருந்த காஃபீன் 4 மில்லிகிராமாக இறங்கிவிட்டது. ஏறத்தாழ 83 விழுக்காடு போயிற்று. துவர்ப்புக்கும் உடல்நலப் பேச்சுக்கும் காரணமான கேட்டசின்களில் 95 விழுக்காடு இலையிலேயே தங்கிவிட்டது. சுருட்டிய இலையிலும் உலர்ந்த இலையிலும் இதே சோதனையைச் செய்தபோது கேட்டசின்களும் கூடவே கொட்டிப்போயின. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். சுருட்டும் இயந்திரத்தில் இலையின் செல்கள் உடைந்து சாறு வெளியே வந்துவிடுகிறது. அதற்கப்புறம் எதை விடுவது, எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்க இலையிடம் சுவரே கிடையாது. முழு இலையில் சுவர் இருக்கிறது. சிறிய மூலக்கூறான காஃபீன் முந்திக்கொண்டு வெளியேற, அதைவிட எடை கூடிய பெரிய கேட்டசின் பின்தங்குகிறது.

வீட்டு முற்றத்தில் தேயிலைச் செடி வைத்திருப்பவர் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு கைப்பிடி கொழுந்தைக் கிள்ளி, அகன்ற பாத்திரத்தில் கொதிக்கும் நீரில் போடுங்கள். பச்சை நிறம் பளிச்சென்று ஏறி, சிறிது நேரத்தில் மங்கும், தண்ணீர் வெளிர்மஞ்சளாகும். தானா ராத்தாவின் 95 டிகிரி நீரில் இதே மூன்று நிமிடம் அதே அளவு வேலை செய்யாது. அரை நிமிடம் கூட்டிவைத்தால் ஈடுகட்டலாம். இலையை வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, கையால் சுருட்டி, கனமான வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து உலர்த்த வேண்டும். கிடைப்பது பச்சைத் தேயிலை. கறுப்புத் தேயிலை கிடைக்காது. இலையைப் பழுக்கவைக்கும் நொதி வெந்நீரில் செத்துவிட்டது, இனி நிறம் மாறாது. ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் போட்டால் எட்டு மில்லிகிராம் காஃபீன், அதுவும் முழுவதும் இறங்கினால். ஒன்று சொல்லியாக வேண்டும்: தோட்டத்துச் சரிவில் இறங்கிக் கொழுந்து பறிக்காதீர்கள். அது அடுத்தவர் சொத்து என்பது ஒரு பக்கம். எந்தச் சரிவுக்கு எந்த நாளில் மருந்து அடித்தார்கள் என்பது தோட்டத்துக் கிராணிக்குத்தான் தெரியும், சுற்றுலா வந்தவருக்குத் தெரியாது.

காஃபீன் நீக்கிய தேயிலையில் ஐஸ் தேநீர் போடுபவருக்கு எதிர்பாராத ஓர் ஆதாயமும் உண்டு. கறுப்புத் தேயிலையைக் கெட்டியாக வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். வைக்கும்போது கண்ணாடிபோல் செம்பழுப்பாக இருந்தது, எடுக்கும்போது வண்டல் கலந்த ஆற்று நீராகக் கலங்கியிருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டுவார்கள்; கெடவில்லை. அந்தக் கலங்கலைச் சற்றுச் சூடுபடுத்தினால் மறுபடியும் தெளிந்துவிடும். சூட்டில் தனித்தனியாகத் திரியும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற நிறப்பொருள்கள், சூடு தணியத் தணியக் காஃபீனோடு கைகோத்துக் கரையாத துகளாகத் திரளுகின்றன. ஈ. ஏ. எச். ராபர்ட்ஸ் 1963இல் இந்தக் கலங்கலைப் பிரித்துப் பார்த்தபோது அதில் தியாஃபிளேவின் 17 பங்கும் தியாரூபிஜின் 66 பங்கும் காஃபீன் 17 பங்கும் இருந்தன. தேயிலை ருசிபார்ப்பவர்களுக்கு இது நல்ல சரக்கின் அடையாளம். ஆறினால் நன்றாகத் 'திரளும்' தேநீருக்கு மதிப்பு அதிகம். ஐஸ் போட்டு விற்பவருக்கோ அதுவே தலைவலி. காஃபீனை எடுத்துவிட்டால் கைகோக்க ஆளில்லை. கலங்கல் பெரிதும் குறையும். சாதாரணத் தேயிலையிலும் மிகக் கெட்டியாக வடிக்காமல், மெதுவாக ஆறவிடாமல், சட்டென்று ஐஸில் ஊற்றினால் கலங்கல் குறைவாகவே தெரியும். எலுமிச்சை பிழிந்ததும் நிறம் வெளிறுவதற்கும் இந்தத் தியாரூபிஜின்தான் காரணம்; புளிப்பில் அது ஒளியை விழுங்கும் விதம் மாறிவிடுகிறது, தேநீர் நீர்த்துப்போகவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் எச்சம் கொஞ்சம் இருந்தே தீரும் என்பதால், சிறு பிள்ளைக்கும் முழுவதும் தவிர்க்கச் சொல்லப்பட்டவருக்கும் என் தீர்ப்பு எளிது: தேயிலையை விட்டுவிடுங்கள். காஃபீனைத் தயாரிக்கவே தெரியாத செடிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, தயாரிக்கும் செடியோடு மல்லுக்கு நிற்பானேன்? மலேசியத் தமிழ்ச் சமையலறையில் செராய் என்னும் எலுமிச்சைப்புல் இல்லாத நாள் குறைவு. சங்குப்பூ வேலியில் பூத்துக் கிடக்கிறது. புளிச்சக்கீரையின் உறவான ரோசெல் கிழக்குக் கரையில் பயிராகிறது. தமிழ்நாட்டில் ஆவாரம்பூவும் சுக்கும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ரூய்போஸ் கடைகளில் கிடைக்கிறது. செந்நிறம், சிறு துவர்ப்பு, தேநீரின் சாயலுக்கு இவற்றில் மிக நெருக்கம் அதுதான். ஒரு எச்சரிக்கை: மூலிகை என்ற பெயரே காஃபீன் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. தென் அமெரிக்காவின் யெர்பா மாத்தேயிலும் குவரானாவிலும் தேயிலையைப்போலவே காஃபீன் உண்டு. பையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நான் விரும்பிச் செய்வது செராயும் ரோசெலும் கலந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு தண்டு செராய். மேல் பச்சையை வெட்டிவிட்டு, அடிப்பகுதி வெள்ளையைக் கத்தியின் முதுகால் ஓங்கித் தட்டி நசுக்கவேண்டும். அந்த வாசனை சிட்ரால் என்ற எண்ணெயினுடையது; நசுக்கினால்தான் தண்டின் எண்ணெய்ப் பைகள் உடையும். அது தண்ணீரில் எளிதில் கரையாது, ஆவியோடு ஓடிவிடும். ஆகவே மூடி போட்டு ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். வீடெல்லாம் மணக்கிறது என்றால் பானத்தில் மணம் குறைகிறது என்று பொருள். கட்டைவிரல் நுனியளவு இஞ்சி. அடுப்பை அணைத்த பிறகு பத்து உலர்ந்த ரோசெல் இதழ்க்கூடு. கொட்டும்போதே தண்ணீரில் சிவப்பு நூல்போல் இறங்கும். மூடி பத்து நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். தேயிலையின் துவர்ப்பு இல்லாத குறையை ரோசெலின் புளிப்பு ஈடுகட்டிவிடும். கடைசியில் கொஞ்சம் புதினாவைக் கசக்கிப் போட்டால் ஐஸ் பாதி போதும். புதினாவின் மெந்தால் நாக்கில் குளிரை உணரும் அதே நரம்பு ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. அந்த ஏற்பியை இனங்கண்டவர்களான டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஊறவைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி சேர்த்தால் பானத்துக்குக் கனம் வரும்.

பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வேண்டுமானால் சங்குப்பூ. ஐந்தாறு பூவை வெந்நீரில் போட்டால் மைநீலம். கிளாஸில் ஐஸ் போட்டு, அந்த நீலத்தை ஊற்றி, ஓரமாக எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். சாறு தொட்ட இடத்திலிருந்து ஊதா பரவும். இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பை எட்டும். பூவின் ஆந்தோசயனின் மூலக்கூறு அமிலத்தில் ஹைட்ரஜன் அயனியை ஏற்றுக்கொண்டு வடிவம் மாறுவதால் வரும் நிறமாற்றம் இது. சுவை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதை ஒப்புக்கொண்டு செராயும் கூடச் சேர்த்துக்கொள்வதே நல்லது.

ஐஸ் போடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க வடித்த 200 மில்லி பானத்தை 95 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர 18,000 கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி, உருகிய நீர் ஐந்து டிகிரிக்கு ஏற இன்னும் ஐந்து. அப்படியானால் ஏறத்தாழ 210 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். பானத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒட்டுக்கடையில் கடுந்தேநீரை அவ்வளவு கறுப்பாக வடிப்பது இதற்காகத்தான். அதே பானத்தை முதலில் 30 டிகிரிக்கு ஆறவைத்தால் 60 கிராம் ஐஸ் போதும். வீட்டில் செய்பவர் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆறவிட்டு, பிறகு ஐஸில் ஊற்றினால் சுவை நீர்த்துப்போகாது.

சர்க்கரைக் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. நாக்கின் இனிப்புச் செல்களில் உள்ள ஒரு புரத வாயில் சூட்டில் நன்றாகத் திறக்கும், குளிரில் மந்தமாகிவிடும் என்று 2005இல் கண்டார்கள். ஐஸ் போட்ட பானத்தில் இனிப்பு மங்கலாகத் தெரிவது அதனால்தான். நாம் இன்னொரு கரண்டி போடுகிறோம். உடம்பின் கணக்கில் அந்தக் கரண்டி மங்கலாக விழுவதில்லை. மலேசிய சுகாதார அமைச்சின் 2019 ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள புட்டிப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. காஃபீனைக் குறைக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு மூன்று கரண்டி சர்க்கரை போட்டால், எலியை விரட்டப் பாம்பை வளர்த்த கதைதான். சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். கசப்பை அமுக்கி இருக்கிற இனிப்பை எடுத்துக்காட்டும்.

இரும்புச்சத்துக் குறைவுள்ளவர்கள் ஒன்று நினைவில் வைக்க வேண்டும். தேநீரின் பாலிஃபீனால்கள் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவிடாது. காஃபீனை எடுத்தாலும் இந்தத் தடை அப்படியே இருக்கும். சில மூலிகைப் பானங்களிலும் உண்டு. சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரோசெல் இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது. கர்ப்பிணிக்கு, கேட்கும்வரை ரோசெலை விட்டுவிட்டு இஞ்சியும் எலுமிச்சையும் போதும்.

கண்ணாடிச் சாடியில் இலையும் தண்ணீரும் போட்டு வெயிலில் வைத்து வடிக்கும் வழக்கத்தை மட்டும் நம் ஊர்களில் பின்பற்ற வேண்டாம். வெயில் அந்த நீரை ஐம்பது சொச்சம் டிகிரிக்கு மேல் ஏற்றாது. கிருமிகள் சாக அது போதாது, பெருகுவதற்கு வேண்டிய இளஞ்சூடோ மணிக்கணக்கில் கிடைக்கும். தேயிலையாவது தொழிற்சாலையில் நன்றாகச் சூடு பட்டு வருகிறது. முற்றத்தில் உலர்த்திய பூவும் புல்லும் அப்படி அல்ல. மூலிகைப் பானம் எதுவானாலும் கொதிநீரில் தொடங்குங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள், இரண்டு நாளுக்குள் குடித்து முடியுங்கள். மூன்றாம் நாள் வழவழப்போ நூல்போல் இழுபடுவதோ தெரிந்தால் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.